டொமைன் பெயர் யாருடைய சொத்து? நமது நிறுவனங்கள் கவனிக்க வேண்டிய ஒரு விடயம்

காணி வாங்கினால் உறுதியைப் பார்க்கிறோம். வாகனம் வாங்கினால் பதிவுப் புத்தகத்தைக் கேட்கிறோம். ஆனால் நமது பள்ளிவாசல்கள், அரபுக் கல்லூரிகள், பழைய மாணவர் சங்கங்கள், செய்தித் தளங்கள், கடைகள் ஆகியவற்றின் இணையத்தளப் பெயர் யாருடைய பேரில் பதிவாகியிருக்கிறது என்று எவரும் கேட்பதில்லை. "தம்பி ஒருவர் செய்து தந்தார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

இணையத்தளம் அமைத்துக் கொடுக்கும் தொழிலில் இருப்பதால் இந்த விடயம் அடிக்கடி என்னிடம் வருகிறது. பெரும்பாலும் கைமீறிய பிறகுதான் வருகிறது. ஓர் அரபுக் கல்லூரியின் இணையத்தளப் பெயரை அங்கு ஓதிய ஒருவர், நல்லெண்ணத்தோடு தனது சொந்த மின்னஞ்சல் மூலம் பதிவு செய்திருந்தார். பிறகு அவர் தொழிலுக்காகக் கட்டார் சென்றார். அந்த மின்னஞ்சல் பாவனையில் இல்லாமல் போனது. புதுப்பிக்க வேண்டிய கட்டணத்தை யாரும் செலுத்தவில்லை. சில மாதங்களில் அதே பெயரில் சூதாட்ட விளம்பரங்கள் வரத் தொடங்கின. நிர்வாகத்தினர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "அது எங்கள் சொத்தல்லவா? இன்னொருவர் எப்படி எடுக்கலாம்?"

நியாயமான கேள்வி. இதற்கு உலகின் பெரிய நீதிமன்றங்களே ஒரே பதிலைச் சொல்லவில்லை. இஸ்லாமிய சட்டத்திலும் இதைத் தொடும் ஆழமான விவாதங்கள் இருக்கின்றன. இரண்டையும் சுருக்கமாகப் பார்ப்பது பயனளிக்கும்.

டொமைன் என்றால் என்ன?

இணையத்தில் ஒவ்வொரு கணினிக்கும் எண்களால் ஆன ஒரு முகவரி உண்டு. அந்த எண்களை மனிதர்களால் நினைவில் வைத்திருக்க முடியாது. அதனால் அவற்றுக்குப் பதிலாக எழுத்துகளால் ஆன ஒரு பெயரைப் பயன்படுத்துகிறோம். அதுவே டொமைன். தமிழில் ஆள்களப் பெயர் என்றும் சொல்வார்கள்.

இந்தப் பெயரைக் கையில் பிடிக்க முடியாது. அது ஒரு பெரிய பதிவேட்டில் உள்ள ஒரு வரி, அவ்வளவுதான். டொட் கொம் என்று முடியும் பெயர்கள் அனைத்தினதும் பதிவேட்டை அமெரிக்காவின் வெரிசைன் என்ற நிறுவனம் வைத்திருக்கிறது. அதில் 15 கோடிக்கும் அதிகமான பெயர்கள் உள்ளன. உலகளாவிய ஒழுங்கை, 1998 இல் கலிபோர்னியாவில் அமைக்கப்பட்ட ஐகான் என்ற இலாப நோக்கமற்ற நிறுவனம் கவனிக்கிறது. நாம் பணம் செலுத்தும் நிறுவனம் இவற்றுக்கும் நமக்கும் இடையிலுள்ள ஒரு முகவர் மட்டுமே.

"டொமைன் வாங்கினேன்" என்று எல்லோரும் சொல்கிறோம். உண்மையில் எவரும் அதை நிரந்தரமாக வாங்குவதில்லை. டொட் கொம் பெயர் ஒன்றை ஒரே தடவையில் ஆகக்கூடியது 10 வருடங்களுக்குத்தான் பதிவு செய்யலாம். தவணை முடிந்து புதுப்பிக்காவிட்டால் முதலில் 45 நாட்கள் வரையான சலுகைக் காலம் கிடைக்கலாம். அதன்பின், மேலதிகக் கட்டணம் செலுத்தி மீட்டுக்கொள்ள 30 நாட்கள் உண்டு. அதுவும் கடந்தால் 5 நாட்களில் பெயர் பதிவேட்டிலிருந்து அழிக்கப்படும். அந்த நொடியிலிருந்து உலகில் எவரும் அதைப் பதிவு செய்யலாம். காலாவதியாகும் பெயர்களுக்காகவே காத்திருந்து, ஒரு வினாடியும் தாமதிக்காமல் பிடித்துக்கொள்ளும் நிறுவனங்கள் உள்ளன.

நமது ஊர் வழக்கில் சொன்னால் இது உறுதிக் காணியை விடப் பேர்மிட் காணிக்கே நெருக்கமானது. பேர்மிட் காணியில் வீடு கட்டலாம், பயிர் செய்யலாம், பின்னுரித்தாளரின் பெயரைக் குறிப்பிடலாம். நிபந்தனையை மீறினால் பேர்மிட் ரத்தாகும். ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கிறது. பேர்மிட் காணியை நினைத்தபடி விற்க முடியாது, டொமைனை விற்கலாம். 2019 இல் வொய்ஸ் டொட் கொம் என்ற ஒரேயொரு பெயர் 3 கோடி டொலருக்குக் கைமாறியது. இவ்வளவு பெறுமதியான ஒன்றை வெறும் சேவை என்று எப்படிச் சொல்வது? இந்த இடத்தில்தான் நீதிமன்றங்கள் தடுமாறின.

நீதிமன்றங்கள் என்ன சொல்கின்றன?

இந்த விடயத்தில் மிகவும் பேசப்படும் வழக்கு அமெரிக்காவில் நடந்த கிரெமன் எதிர் கோஹன் வழக்காகும். கெரி கிரெமன் என்பவர் 1994 இல், அக்காலத்தில் பதிவுகளைச் செய்துவந்த நெட்வேர்க் சொலூஷன்ஸ் நிறுவனத்தில் ஒரு டொட் கொம் பெயரைப் பதிவு செய்தார். ஆபாசத் தொழிலில் பெறுமதி வாய்ந்த பெயர் என்பதால் அதை இங்கு எழுதத் தேவையில்லை. அப்போது பதிவு இலவசம். 1995 இல் ஸ்டீபன் கோஹன் என்பவர் அந்நிறுவனத்துக்கு ஒரு போலிக் கடிதத்தைக் கொடுத்தார். கிரெமனின் நிறுவனம் அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டது, பெயரையும் கைவிட்டுவிட்டது என்று அதில் எழுதப்பட்டிருந்தது. தங்களுக்கு நேரடி இணைய இணைப்பு இல்லாததால் கடிதம் மூலம் அறிவிப்பதாகவும் அது கூறியது. இணையத்தில் விளம்பரத் தொழில் செய்வதாகப் பெயர் வைத்துக்கொண்ட ஒரு நிறுவனத்துக்கு இணைய இணைப்பு இல்லையாம்! பதிவு நிறுவனம் கிரெமனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பெயரைக் கோஹனுக்கு மாற்றிக் கொடுத்தது.

பல வருடப் போராட்டத்தின் பின் பெயர் கிரெமனுக்குத் திரும்பக் கிடைத்தது. கோஹன் 6 கோடி 50 இலட்சம் டொலர் செலுத்த வேண்டும் என்றும் தீர்ப்பானது. அவர் பணத்தை வெளிநாட்டுக்கு மாற்றிவிட்டு மெக்சிகோவுக்கு ஓடிவிட்டார். எனவே கிரெமன் பதிவு நிறுவனத்தின் மீது வழக்கைத் தொடர்ந்தார். 2003 இல் ஒன்பதாவது வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டணம் செலுத்தப்படாததால் இரு தரப்புக்குமிடையில் ஒப்பந்தம் இருக்கவில்லை என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் டொமைன் சொத்துதான் என்றது. அதன் எல்லையைத் தெளிவாக வரையறுக்கலாம், ஒருவர் மட்டும் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கலாம், அந்தத் தனியுரிமைக்கு நியாயமான உரிமைகோரலும் இருக்கிறது என்பவை அதற்குச் சொல்லப்பட்ட மூன்று காரணங்கள். பிறர் சொத்தை இன்னொருவருக்குத் தூக்கிக் கொடுத்தவர் பொறுப்பேற்க வேண்டும் என்பதே இதன் சாரம்.

அதே அமெரிக்காவில் இதற்கு மூன்று வருடங்களுக்கு முன்னர் வேர்ஜீனியா மாநிலத்தின் அதியுயர் நீதிமன்றம் வேறுவிதமாகத் தீர்ப்பளித்திருந்தது. அம்ப்ரோ என்ற விளையாட்டு ஆடை நிறுவனம், தனக்குப் பணம் தர வேண்டியவரின் டொமைன் பெயர்களைக் கடனுக்காகக் கைப்பற்றி விற்கக் கேட்டது. நீதிமன்றம் மறுத்தது. டொமைன் என்பது ஒரு சேவை ஒப்பந்தத்திலிருந்து பிறப்பது, அந்தச் சேவையிலிருந்து பிரித்து ஏலம் போட முடியாது என்பது அதன் நிலைப்பாடு.

ஜேர்மனி நடுவழியை எடுத்தது. பெயர் வெறும் தொழில்நுட்ப முகவரிதான், ஆனால் பதிவகத்தின் மீது அதை வைத்திருப்பவருக்குள்ள ஒப்பந்த உரிமைகளைக் கடனுக்காகக் கைப்பற்றலாம் என்று அந்நாட்டின் கூட்டாட்சி நீதிமன்றம் 2005 இல் கூறியது. 2007 இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம், டொமைனைப் பயன்படுத்தும் தனியுரிமை ஐரோப்பிய சாசனம் பாதுகாக்கும் உடைமையே என்றது. அதேவேளை பிறருடைய வர்த்தகப் பெயர்களைப் பதிவு செய்து வைத்திருந்த அந்த நிறுவனம், அவற்றை விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற தீர்ப்பில் தவறில்லை என்றும் சொன்னது. கனடாவின் ஒன்டாரியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் 2011 இல் டொமைனைத் தனிப்பட்ட அசையும் சொத்தாக ஏற்றது. இந்திய உச்ச நீதிமன்றம் 2004 இல், டொமைன் ஒரு வர்த்தகத்தை அடையாளம் காட்டுகிறது, எனவே வர்த்தகச் சின்னத்துக்குரிய பாதுகாப்பு அதற்கும் உண்டு என்றது.

தீர்ப்புகள் முரண்படுவது போலத் தோன்றினாலும் ஒரு பொதுப் போக்கு தெரிகிறது. திருடனுக்கு எதிராக டொமைன் சொத்தாகப் பாதுகாக்கப்படுகிறது. பதிவு விதிகளுக்கு எதிராக அந்தப் பாதுகாப்பு இல்லை. கட்டணம் செலுத்தத் தவறியவர் "என் சொத்து" என்று எந்த நீதிமன்றத்தில் போய் நின்றாலும் பெரிதாக எதுவும் கிடைக்காது.

நாடுகளின் பெயர்கள்

தனிநபரின் பெயருக்கே இந்த நிலை என்றால், நாடுகளுக்குரிய டொட் எல்கே, டொட் ஐஆர் போன்றவை யாருடையவை? இணையத்தின் முன்னோடிகளில் ஒருவரான ஜோன் போஸ்டல் 1994 இல் எழுதிய ஆவணம் இதற்கு அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது. உரிமை, உடைமை என்று பேசுவது இங்கு பொருத்தமில்லை, சமூகத்துக்குச் செய்யும் சேவையும் பொறுப்புமே கவனிக்கப்பட வேண்டியவை என்பது அவருடைய கருத்து. நமது மொழியில் சொன்னால் அது ஓர் அமானிதம்.

இந்தக் கருத்து பின்னர் நீதிமன்றத்தில் சோதனைக்கு உள்ளானது. ஈரான், சிரியா, வடகொரியா ஆகிய நாடுகளுக்கு எதிராக அமெரிக்காவில் நட்டஈட்டுத் தீர்ப்புப் பெற்றிருந்தவர்கள், அந்நாடுகளின் டொமைன்களையே ஈடாகத் தரும்படி கேட்டார்கள். 2016 இல் வொஷிங்டன் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை நிராகரித்தது. அவை சொத்து என்று வைத்துக்கொண்டாலும், அவற்றைப் பறித்தால் அந்தப் பெயர்களை நம்பியிருக்கும் மூன்றாம் தரப்பினர் பாதிக்கப்படுவார்கள் என்பது காரணம். டொட் ஐஆர் தப்பியது.

ஆனால் டொட் கொம் பெயர் வைத்திருந்தவர்கள் தப்பவில்லை. 2021 ஜூன் மாதம் அமெரிக்க நீதித் திணைக்களம் ஈரானிய ஒலிபரப்பு ஒன்றியம் பயன்படுத்திய 33 தளங்களையும் ஈராக்கிய ஆயுதக் குழு ஒன்றின் 3 தளங்களையும் முடக்கியது. பிரஸ் டிவியின் டொட் கொம் தளமும் அவற்றில் ஒன்று. தடைச் சட்டம் மீறப்பட்டது என்பது அமெரிக்கா சொன்ன காரணம். பிரஸ் டிவி தனது டொட் ஐஆர் பெயரில் தொடர்ந்து இயங்கியது. அந்தத் தொலைக்காட்சி பற்றிய நமது கருத்து எதுவாகவும் இருக்கட்டும். டொட் கொம் பெயர் வைத்திருக்கும் எவரும் அமெரிக்கச் சட்டத்தின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார் என்பதை இந்தச் சம்பவம் காட்டுகிறது.

மறுபக்கமும் உண்டு. லிபியாவின் டொட் எல்வை பெயர்கள் சுருக்கமாக இருப்பதால் மேற்கு நாட்டவர்கள் அவற்றை விரும்பி வாங்கினார்கள். 2010 இல் லிபியப் பதிவகம், உள்ளடக்கம் ஷரீஆவுக்கு முரணானது என்று கூறி அத்தகைய ஒரு பெயரை ரத்துச் செய்தது. எந்த நாட்டின் பதிவேட்டில் பெயர் இருக்கிறதோ அந்த நாட்டின் சட்டத்துக்கு அது கட்டுப்படும்.

நமது நாட்டில் டொட் எல்கே 1990 இலிருந்து இயங்குகிறது. 2010 இல் தமிழில் டொட் இலங்கை என்ற பெயரும் சிங்களத்தில் டொட் லங்கா என்ற பெயரும் கிடைத்தன. உள்நாட்டுப் பெயர் என்பதற்காக அது முழுப் பாதுகாப்பானது என்று நினைக்கவும் கூடாது. 2021 பெப்ரவரி 6 ஆம் திகதி கூகுளின் எல்கே தளம் உட்படச் சில பெயர்கள் வேறு பக்கத்துக்குத் திருப்பப்பட்டன. நமது பொதுச் சட்டமான உரோமன் டச்சுச் சட்டம், தொட்டுணர முடியாத உரிமைகளையும் பொருள்களாகக் கருதும் மரபைக் கொண்டது. எனவே டொமைனைச் சொத்து என்று வாதிட இங்கு இடமிருக்கிறது. அடுத்தவரின் கணக்கில் அனுமதியின்றி நுழைந்தால் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க கணினிக் குற்றச் சட்டத்தை நாடலாம். வர்த்தகப் பெயர்களுக்கு 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது.

மார்க்கச் சட்டத்தின் பார்வையில்

நான் ஆலிம் அல்ல. ஃபத்வா சொல்வது எனது நோக்கமுமல்ல. உலமாக்கள் ஏற்கனவே எழுதி வைத்திருப்பவற்றை எடுத்துக்காட்டுகிறேன்.

மால், அதாவது செல்வம் என்பதற்கான வரைவிலக்கணத்தில் மத்ஹப்களுக்கிடையில் வேறுபாடு உண்டு. முற்கால ஹனஃபி அறிஞர்கள் சேமித்து வைக்கக்கூடிய பொருளையே மால் என்றார்கள். ஒரு பொருளின் பயன்பாட்டை அதில் சேர்க்கவில்லை. நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபும் மாலிகி, ஹன்பலி மத்ஹப்களும் பயன்பாட்டையும் மாலாகவே கொள்கின்றன. டொமைன் என்பது முழுக்க முழுக்கப் பயன்படுத்தும் உரிமை என்பதால் இந்த வேறுபாடு நமக்கு முக்கியமாகிறது.

சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி 1988 டிசம்பரில் குவைத்தில் கூடியபோது 43 ஆம் இலக்கத் தீர்மானத்தை நிறைவேற்றியது. வர்த்தகப் பெயர், வர்த்தகச் சின்னம், நூலுரிமை, கண்டுபிடிப்பு ஆகியவை அவற்றுக்குரியவர்களின் தனியுரிமைகள், இன்றைய வழக்கில் அவற்றுக்குப் பண மதிப்பு உண்டு, அவற்றில் அத்துமீறுவது கூடாது என்பது அதன் சாரம். டொமைன் அப்போது பொதுமக்கள் அறியாத ஒன்று. ஆயினும் ஒரு நிறுவனத்தின் பெயராகவே அது இன்று பயன்படுவதால் அந்தத் தீர்மானத்தின் நிழலில் வருகிறது என்று நான் விளங்குகிறேன்.

இதைவிட என்னைக் கவர்ந்தது தரிசு நிலம் பற்றிய பாடமாகும். எவருக்கும் சொந்தமில்லாத தரிசு நிலத்தை உழைத்து உயிர்ப்பித்தவர் அதற்கு உரிமையாளராகிறார். ஆனால் சுற்றிக் கல் நட்டு அடையாளமிட்டவர் உரிமையாளராக மாட்டார். அவருக்கு முன்னுரிமை மட்டுமே கிடைக்கும். அடையாளமிட்டுவிட்டு நிலத்தைச் சும்மா போட்டு வைத்தால் அந்த முன்னுரிமையும் நிலைக்காது. ஹனஃபி நூல்கள், உமர் (ரழி) அவர்களின் கூற்றை ஆதாரமாகக் கொண்டு அதற்கு மூன்று வருட எல்லையைக் கூறுகின்றன. தாமதித்தால் நிலத்தைப் பயன்படுத்து அல்லது விட்டுவிடு என்று ஆட்சியாளர் உத்தரவிடுவார் என்பது ஷாஃபிஈ நூல்களில் வரும் விளக்கம்.

நூற்றுக்கணக்கான பெயர்களைப் பதிவு செய்து பூட்டி வைத்து, உரியவர் வரும்போது பெருந்தொகை கேட்பவர்களை இந்த அளவுகோலால் அளந்து பார்க்கலாம். ஒரு பொதுச் சொல்லை முதலில் பதிவு செய்து விற்பது வேறு. ஒரு பள்ளிவாசலின் அல்லது ஒருவர் உழைத்துப் பெயரெடுத்த கடையின் பெயரைப் பதிவு செய்துவிட்டுப் பேரம் பேசுவது வேறு. பிந்தியது கல் நடுவதைவிட மோசமானது, அடுத்தவர் வேலிக்குள் கல் நடுவதாகும். 1999 இல் ஐகான் கொண்டுவந்த பிணக்குத் தீர்வு முறையும் இந்த வித்தியாசத்தைப் பார்க்கிறது. பெயர் முறைப்பாட்டாளரின் வர்த்தகச் சின்னத்தை ஒத்திருக்கிறதா, பதிவு செய்தவருக்கு அதில் நியாயமான உரிமை இருக்கிறதா, கெட்ட நோக்கத்துடன் பதிவு செய்து பயன்படுத்தினாரா என்று மூன்று விடயங்களை அது கேட்கிறது. ஒரு பெயருக்கான முறைப்பாட்டை உலகப் புலமைச் சொத்து அமைப்பிடம் ஒரு நடுவர் முன் கொண்டுபோக 1,500 டொலர் கட்டணம். நமது ஊர்ப் பள்ளிவாசல்களுக்கு வர்த்தகச் சின்னமும் இல்லை, அவ்வளவு பணமும் இல்லை. வருமுன் காப்பதுதான் மலிவு.

வாரிசு, ஸகாத், வக்ஃப்

டொமைன் செல்வம்தான் என்று ஏற்றுக்கொண்டால் அதன் விளைவுகளையும் ஏற்க வேண்டும். ஒருவர் மரணித்தால் அவருடைய பெறுமதியான டொமைனும் அனந்தரச் சொத்தில் சேருமா? 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்க முஸ்லிம் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி பங்கிடப்பட வேண்டிய சொத்துகளில் இதையும் கணக்கெடுக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. விற்பதற்காகவே டொமைன்களை வாங்கி வைத்திருப்பவர், அவை வியாபாரப் பொருளாகி ஸகாத் கடமையாகுமா என்று ஒரு ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெற வேண்டும்.

வக்ஃப் விடயம் இன்னும் பாரதூரமானது. வக்ஃப் செய்யப்படுவது நிலைத்திருக்கும் பொருளாக இருக்க வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் பொதுவான நிலைப்பாடு. ஆனால் ஃபிக்ஹ் அகடமி 2009 இல் ஷார்ஜாவில் நிறைவேற்றிய 181 ஆம் இலக்கத் தீர்மானத்தில் பங்குகள், பயன்பாடுகள், பௌதிகமல்லாத உரிமைகள் ஆகியவற்றையும் வக்ஃப் செய்யலாம் என்று கூறியது. பள்ளிவாசலின் காணியையும் கட்டடத்தையும் 1956 ஆம் ஆண்டின் 51 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிவு செய்கிறோம். ஜமாஅத்தாரின் பணத்தில் எடுக்கப்பட்டு, நன்கொடை கேட்கவும் ஜனாஸா அறிவித்தல் போடவும் பயன்படும் பெயர் மட்டும் ஒரு தனிநபரின் கைபேசியில் இருக்கிறது. நிர்வாகம் மாறும்போது சாவிக்கொத்தும் வங்கிப் புத்தகமும் கைமாறுகின்றன. டொமைன் கைமாறுவதில்லை.

என்ன செய்யலாம்?

ஒரு மாலை நேரம் ஒதுக்கினால் பின்வருவனவற்றைச் செய்து முடிக்கலாம்.

1. பதிவு செய்தவர் என்ற இடத்தில் நிறுவனத்தின் பெயர் இருக்கட்டும். தளத்தை அமைத்துக் கொடுத்தவரின் பெயர் அங்கு இருக்கக் கூடாது.

2. பதிவுக்கான மின்னஞ்சல் நிறுவனத்துக்குரியதாக இருக்கட்டும். அந்த மின்னஞ்சல் அதே டொமைனில் இயங்கக் கூடாது. டொமைன் நின்றால் மின்னஞ்சலும் நின்றுவிடும், மீட்கும் வழி அடைபடும்.

3. கடவுச்சொல்லைக் குறைந்தது இரண்டு பொறுப்பாளர்கள் அறிந்திருக்கட்டும். இரட்டைச் சரிபார்ப்பையும் இடமாற்றப் பூட்டையும் செயற்படுத்துங்கள்.

4. முடிந்தால் ஐந்து அல்லது பத்து வருடங்களுக்கு ஒன்றாகப் புதுப்பியுங்கள். காலாவதியாகும் திகதியைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.

5. டொட் கொம் வைத்திருப்பவர்கள் அதே பெயரில் டொட் எல்கேயையும் பதிவு செய்வது நல்லது. ஒன்று முடங்கினால் மற்றது இருக்கும்.

6. தளம் அமைப்பவருடன் ஒரு பக்கத்திலாவது எழுத்து மூல உடன்படிக்கை செய்யுங்கள். "டொமைன் நிறுவனத்துக்குரியது, கேட்கும்போது கையளிக்கப்படும்" என்ற ஒரு வரி போதும்.

7. தனிநபர்கள் தமது டொமைன்களின் விபரத்தை வஸிய்யத்துடன் சேர்த்து எழுதி வையுங்கள்.

என் போன்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வாடிக்கையாளரின் பெயரை நம் கணக்கில் வைத்திருந்தால் அவர் வேறிடம் போக மாட்டார் என்று சிலர் எண்ணுகிறார்கள். பணம் அவர் கொடுத்தது, பெயர் அவருடையது. நம் கையில் இருப்பது சாவி மட்டும். கேட்டவுடன் கொடுத்துவிட வேண்டியதுதான் அமானிதம்.

டொமைன் தனிச் சொத்தா என்ற விவாதம் நீதிமன்றங்களில் இன்னும் பல காலம் நடக்கும். அதன் முடிவுக்காக நாம் காத்திருக்கத் தேவையில்லை. எல்லாத் தீர்ப்புகளும் முதலில் புரட்டிப் பார்ப்பது ஒரே பதிவேட்டைத்தான். அடுத்த நிர்வாகக் கூட்டத்தில், அந்தப் பதிவேட்டில் இருக்கும் பெயர் யாருடையது என்று ஒருவராவது கேட்கட்டும்.